நிறுத்தி வைத்த ஜீப்பில் பன்னிரண்டு பேர்

ரேணுகாதேவியின் கணக்குப்படி போன மாதம் கல்லுமேட்டில் பெய்த மழைக்கு, அந்த ஊரே மிதந்து போய் வாணியம்பாடியில் கரை ஒதுங்கியிருக்க வேண்டும். ஊர் அங்கேயேதான் இருந்தது. அதுவும் காய்ந்துபோய்.

ஜமுனாமரத்தூர் சாமை விவசாயிகள் குழுவில் மழைக்கணக்கு அவள் பொறுப்பு. நான்கு ஊர்களில் மழைமானி வைத்து, நான்கு வாரம் அளந்து, லேப்டாப்பில் அட்டவணை போட்டு, ஊருக்கு ஒரு சராசரி எடுத்துக் கூட்டத்தில் வாசித்தாள். இருப்பதிலேயே அதிக மழை கல்லுமேட்டுக்கு என்றாள். கல்லுமேட்டிலிருந்து வந்திருந்த மங்கம்மாள் எழுந்து, அந்த மழை எந்தப் பக்கம் பெய்தது, வழி சொன்னால் குடத்தோடு போகலாம் என்று கேட்டாள். கூட்டம் சிரித்த சிரிப்பில் கொட்டகைத் தகரத்தில் நாலு ஆணி கழன்றது.

இரண்டு நாள் சோறு இறங்காமல் தேடி ரேணுகா தப்பைக் கண்டுபிடித்தாள். எண்களை வரிசையும் பத்தியுமாக அடுக்கிக் கணக்குப் போடும் ஒரு மென்பொருள் நூலகத்தைத்தான் அவள் பயன்படுத்தினாள். உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து எழுதுவது, இலவசம், தமிழிலும் விளக்கப் பக்கங்கள் உண்டு. சராசரி எடுக்கும் பக்கத்தில் ஒரு வாக்கியம் நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது: ‘அச்சு 0 என்றால் வரிசைவாரியாகச் சராசரி காணும்.’ அட்டவணையில் கணக்கு ஓடும் திசைக்கு அங்கே அச்சு என்று பெயர்; 0, 1 என்று எண்ணும் உண்டு.

வரிசைவாரியாக என்றால் வரிசைக்கு ஒரு சராசரி என்றுதானே எந்த மனுஷியும் நினைப்பாள்? ஒரு வரிசை ஓர் ஊர். அப்போது ஊருக்கு ஒரு சராசரி. கணினியோ வரிசைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு நசுக்கி, பத்திக்கு ஒன்று கொடுத்தது. அதாவது வாரத்துக்கு ஒன்று. ஊரும் நான்கு, வாரமும் நான்கு, வந்த விடையும் நான்கு. யாருக்குச் சந்தேகம் வரும்? நான்காம் வாரம் மலை முழுக்கக் கொட்டிய மழையெல்லாம் பட்டியலில் நான்காவதாக நின்ற கல்லுமேட்டின் தலையில் விழுந்தது. பக்கத்தில் கொடுத்திருந்த எடுத்துக்காட்டும் இரண்டுக்கு இரண்டு. எப்படிப் போட்டாலும் இரண்டே விடை. தப்பு எட்டிப் பார்க்க ஒரு சந்துகூட இல்லை.

குழுத் தலைவர் தங்கவேல் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“பக்கத்து மேல பழி போடாதம்மா. ஒலகமே படிக்குது, உனுக்கு மட்டும் தப்பா தெரியுதா?”

எழுதியவர்களே தப்பு எங்களுடையது என்று ஒப்புக்கொண்டால் சரி, இல்லையென்றால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மழைக்கணக்கு வேறு ஆளுக்குப் போகும் என்று சொல்லிவிட்டார். மூன்று வருஷமாக மழைமானிக்கும் மழைமானிக்கும் நடந்தே பதினேழு ஜோடி செருப்பைத் தேய்த்தவள் ரேணுகா. விட்டுவிடுவாளா?

அந்தத் தமிழ்ப் பக்கங்களைப் பார்த்துக்கொள்பவள் வாணியம்பாடி ஆஸ்மா. ரேணுகா இரண்டு திருத்தம் அனுப்பினாள். இரண்டும் திரும்பி வந்தன. முதலாவதில் நெடுக்கு, குறுக்கு என்று எழுதியிருந்தாள். நெடுக்கு எது என்பது ஆளுக்கு ஆள் மாறும், அக்கா என்றாள் ஆஸ்மா. இரண்டாவது நான்கு பத்தி நீளம். அதைப் படித்து ஆஸ்மா மூன்றாம் பத்தியில் தூங்கினாளாம், அவளுடைய அம்மி, அதாவது அம்மா, முதல் பத்தியிலேயே தூங்கிவிட்டாராம். ஒன்றும் தெரியாத ஒருவர் படித்துச் சரியான விடை சொல்ல வேண்டும், அதுதான் ஆஸ்மா வைத்த பரீட்சை. வியாழக்கிழமை ஐந்து மணியோடு புதிய பதிப்பில் திருத்தம் சேர்ப்பது முடிந்துவிடும். அடுத்தது ஆறு மாதம் கழித்து.

வியாழக்கிழமை மூன்றரைக்கு ரேணுகா நெல்லிவாசல்நாட்டில் கருப்பனின் ஜீப்பில் ஏறினாள். ஒன்பது பேருக்கு பர்மிட் உள்ள அந்த ஜீப்பில் ஒன்பது பேர் மட்டும் போன நாளை மலையில் உயிரோடிருக்கும் யாரும் பார்த்ததில்லை. முன்னும் பின்னுமாக மூன்று பெஞ்சு, பெஞ்சுக்கு நாலு பேர். ஆளுக்கு மடியில் ஒரு மூட்டை. ரேணுகாவுக்குப் பக்கத்தில் மங்கம்மாள், புளிக்கூடையோடு.

வழியில் யாராவது கை காட்டினால் கருப்பன் இரண்டே கட்டளைதான் போடுவார். ‘பக்கத்துல அமுங்கு’ என்றால் பெஞ்சில் இருக்கும் நாலு பேரும் ஜன்னலோரம் ஒண்டி ஒரே ஆளாகிவிடுவார்கள். ‘முன்னால அமுங்கு’ என்றால் பின் பெஞ்சின் முழங்கால் நடு பெஞ்சின் முதுகுக்குள்ளும், நடு பெஞ்சு முன் பெஞ்சுக்குள்ளும் புகுந்து, மூன்று பெஞ்சும் ஒரே பெஞ்சு போலத் தெரியும். அன்றைக்கும் பன்னிரண்டாவது ஆளை ஏற்ற முன்னால அமுங்கச் சொன்னார். புளிக்கூடை விலா எலும்பில் ஏறிய அந்தக் கணத்தில் ரேணுகாவின் மண்டைக்குள் ஆயிரம் பல்ப் எரிந்தது.

“அச்சு! அச்சுதான் அமுங்குது!”

கருப்பன் போட்ட பிரேக்கில் ஜீப் தன் நிழலையே முந்திக்கொண்டு நின்றது.

“எந்த அச்சும்மா? முன்னாடியா, பின்னாடியா?”

“ரெண்டும்தான், ண்ணா,” என்றாள் ரேணுகா, போனை எடுத்துக்கொண்டே. அவர் பதறிப்போய் வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டார். ஜீப் நின்றதோ, மலையில் சிக்னல் கிடைக்கும் மூன்றே மூன்று வளைவுகளில் ஒன்றில்.

அவள் விரல் பறந்தது: ‘ஒரு ஜீப்பில் முன்னும் பின்னுமாக மூன்று பெஞ்சு, பெஞ்சுக்கு நான்கு பேர், ஆளுக்கொரு மூட்டை. மூட்டை எடைகளுக்குச் சராசரி வேண்டும். அச்சு 0: முன்பின்னாக அமுக்கு. மூன்று பெஞ்சும் ஒன்றாகி, நான்கு சராசரி மிஞ்சும். அச்சு 1: பக்கவாட்டில் அமுக்கு. பெஞ்சுக்கு ஒன்றாக மூன்று மிஞ்சும். எந்த அச்சைச் சொல்கிறாயோ அது அமுங்கி மறைந்துவிடும்.’

மங்கம்மாளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, பெஞ்சுக்கு ஒரு சராசரி வேண்டுமென்றால் எப்படி அமுக்குவது என்று கேட்டாள்.

“பக்கத்துலதான். இத்த கேக்கவா வண்டிய நிறுத்துன?”

அனுப்பப் போகும்போது கருப்பன் கிரீஸ் மூக்கோடு வெளியே வந்தார். அச்சு இரும்பு மாதிரி இருக்கிறது என்றார். விஷயத்தைக் கேட்டதும்தான் அவர் முகம் மாறியது.

“பன்னெண்டு பேருன்னு ஒலகத்துக்கே எழுதப் போறியா? பர்மிட்டு ஒம்போதுக்குத்தாம்மா. ஒம்போதுன்னு போடு.”

ஒன்பது என்றால் மூன்றுக்கு மூன்று. எந்தப் பக்கம் அமுக்கினாலும் மூன்று. பழைய வியாதியே திரும்ப வரும். ரேணுகா கெஞ்சினாள். படவேட்டில் வண்டி சோதிக்கிற அதிகாரி இதைப் படித்தால் தன் கதை முடிந்தது என்று கருப்பனும் கெஞ்சினார். மணி நாலே முக்கால். அவர் பிழைப்பில் மண் போட்டு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

மங்கம்மாள் கூடையை இறக்கி வைத்தாள். “ஓடுற வண்டிலதான பர்மிட்டு? நிக்கிற வண்டில எத்தினி பேரு ஒக்காந்தா எவனுக்கு இன்னா?”

கருப்பன் யோசித்தார். அப்போதும் வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. உள்ளே பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். சரி என்று தலையாட்டினார். ரேணுகா முதலில் இருந்த ‘ஒரு ஜீப்பில்’ என்பதை ‘நிறுத்தி வைத்திருக்கும் ஒரு ஜீப்பில்’ என்று மாற்றி, நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினாள்.

அடுத்த ஆறு நிமிடமும் ஜீப்பில் யாரும் மூச்சு விடவில்லை. விட இடமும் இல்லை. நாலு ஐம்பத்தெட்டுக்கு ஆஸ்மாவின் பதில் வந்தது. ரேணுகா வளைவு முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள்.

“அக்கா, அம்மிகிட்ட படிச்சு காட்டுனேன். சேமியா வறுத்துக்கினே கரெக்டா சொல்லிட்டாங்க. சேத்துட்டேன். பழைய வாக்கியம் தப்பு, அத எழுதுனதும் நான்தான். பதிப்புக் குறிப்புல அப்டியே போட்டு, திருத்துனது நீங்கன்னு உங்க பேரும் போட்டிருக்கேன். ஒரே ஒரு சந்தேகம். ஜீப்பு ஏன் நிக்குது?”

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அந்தக் குறிப்பை ரேணுகா வாசிக்கவில்லை. தங்கவேலையே வாசிக்க வைத்தாள். ‘தப்பு எங்களுடையது’ என்ற இடத்தில் அவர் குரல் எறும்பு பேசுவது போல இறங்கியது. பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று மங்கம்மாள் மறுபடி வாசிக்கச் சொன்னாள். பிறகு ரேணுகா புதிய சராசரியைச் சொன்னாள்: இருப்பதிலேயே குறைவான மழை கல்லுமேட்டுக்கு. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தங்கவேல் மழை நோட்டை அவள் பக்கமே நகர்த்திவிட்டு, அடுத்த மாதக் கணக்கு என்றைக்கு வரும் என்று கேட்டார்.

ஆஸ்மாவுக்கு அவள் ஒரு வரிதான் பதில் எழுதினாள்: ‘ஜீப்பு நிக்கிறது ரொம்ப முக்கியம், எடுத்துடாத.’

வெளியே கருப்பன் கல்லுமேட்டுக்காரர்களை அமுக்கி ஏற்றிக்கொண்டிருந்தார். ரேணுகா தலைகளை எண்ணினாள். பதினைந்து. மூன்றுக்கு ஐந்து, சதுரமில்லை, பழைய வியாதி வராது என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, பதினாறாவதாக ஏறிக்கொண்டாள்.