கைவிடப்பட்ட வீடு

தெல்ஃபினாவுக்கு அன்று காலையிலிருந்தே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். சூரியன் இறங்கியதும் வானம் நீலமாகி, பனிக்கு நடுவே மண்சுவர்கள் சிவந்து நிற்கும் அந்த இருபது நிமிட வெளிச்சத்துக்காகத்தான் வருஷம் முழுக்கக் கேமராவைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். ஆனால் மாதாவும் சூசையப்பரும் தங்க இடம் தேடி அலைவதை ஊரே நடித்துக்காட்டும் அந்த நாள் ஊர்வலம், இந்த வருஷம் போய் முடியும் வீடு அண்ணன் எலாடியோவினுடையது. அவன் அவளோடு பேசி ஒரு வருஷம் ஆகிறது.

தப்பு அவளுடையதுதான். போன குளிர்காலத்தில் அவன் வீட்டு மேற்குச் சுவர் பூச்சு உதிர்ந்து, மண்கல்லும் வைக்கோலும் பல்லிளித்துக்கொண்டு நின்றது. படம் பிடிப்பவளுக்கு அது அழகு. வீட்டுக்காரனுக்கு மானக்கேடு. குளிர் வருவதற்குள் சுவரைப் பூசி முடிக்காதவனை எல் சௌசால் ஊரில் ஒருத்தரும் மதிக்கமாட்டார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவள், இது தெரிந்தும் எடுத்தாள். கேட்காமல் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினாள். அங்கே எவனோ படத்துக்குக் கீழே ‘கைவிடப்பட்ட வீடு’ என்று போட்டுவிட்டான். அந்தப் பத்திரிகை எலாடியோ கைக்கு வந்தபோது, அவன் அதே சுவருக்கு உள்பக்கம் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான்.

சூரியன் இறங்கியதும் ஊர்வலம் கிளம்பியது. மாதா வேஷம் போட்டவள் கழுதைமேல் வர, சூசையப்பர் வேஷக்காரர் முன்னால் நடந்தார். காகிதப்பையில் மணல் போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, வழி நெடுக வைத்திருந்தார்கள். வீடு வீடாக நின்று தங்க இடம் கேட்டுப் பாடினார்கள். உள்ளேயிருந்து இல்லை என்று பதில் பாட்டு வந்தது. தெல்ஃபினா முன்னால் ஓடி, பின்னால் ஓடி, நாலு வீட்டையும் எடுத்தாள். ஐந்தாவதாக அண்ணன் வீடு வந்ததும் கேமராவை மூடிவிட்டாள்.

கூரைமேல் கொம்பு வைத்த முகமூடியோடு பிசாசு வேஷம் குதித்தது. கடைசி வீட்டில்தான் மாதாவுக்குக் கதவு திறக்கும்; அதைத் தடுக்க அது எப்போதும் அங்கே வந்து ஏசும். குரல் மட்டும் இந்த வருஷம் வேறு.

“போங்க, போங்க! இங்க யாரும் குடியில்ல! இது கைவிட்ட வீடு! பத்திரிகையிலயே போட்டாச்சே, படிக்கலியா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தெல்ஃபினாவுக்கு முகம் எரிந்தது. அண்ணன் குரல்.

“நம்பலன்னா அந்தக் கேமராக்காரியக் கேளுங்க! அவதான் சாட்சி!”

பக்கத்து வீட்டு சோஸ்தெனா அவள் இடுப்பில் இடித்தாள். “என்னடி முழிக்கற? பிசாசு உன்னத்தான் கேக்குது. பதில் சொல்லு.”

ஓடிவிடலாமா என்றுதான் இருந்தது. அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“பொய்ச் சாட்சி! அந்த வீட்ல ஆளு இருக்கு. எங்கண்ணன் இருக்கான். நாந்தான் அவன்கிட்ட ஒரு வார்த்த கேக்காம அசிங்கப்படுத்திட்டேன்!”

கூரைமேல் சத்தமே இல்லை. “பிசாசுக்கு வசனம் மறந்துபோச்சுடோய்!” என்று யாரோ கத்தினார்கள். கதவு திறந்தது. எல்லோரும் பாடிக்கொண்டே உள்ளே போனார்கள். பிசாசு உள்ளே போகக்கூடாது. தெல்ஃபினாவுக்குப் போகத் தைரியம் வரவில்லை.

எலாடியோ ஏணியில் இறங்கி வந்தான்.

“நாலு வீட்ட எடுத்த. என் வீட்டுக்கு மட்டும் கேமராவுக்குக் கண்ணு தெரியலியா?”

“பயமா இருந்துச்சுண்ணே.”

“செப்டம்பர்ல பதினோரு நாள் பூசினேன். மண்ண நானே சலிச்சேன். நீ வந்து பாப்பன்னு இருந்தேன்.”

அவள் மேற்குச் சுவரைத் தடவினாள். ஒரு கீறல்கூட இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “மன்னிச்சிருண்ணே.”

“அழறத உள்ள வந்து அழு. போசோலே கஞ்சி ஆறுது. முதல்ல, வெளிச்சம் போறதுக்குள்ள படத்த எடு.”

முகமூடியைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் போய் நின்றான். வானத்தில் நீலம் கொஞ்சம்தான் மிச்சம். அவள் கேமராவைத் திறந்தாள்.

“கீழ என்ன போடுவானுங்க இந்தத் தடவ?”

“நானே எழுதிக் குடுக்கறேன். எலாடியோவின் வீடு. எலாடியோ உள்ளேதான் இருக்கிறார்.”

“வெளிய நின்னு வெறைச்சுக்கிட்டிருக்கேன், உள்ள இருக்கானாம்! எடுத்துத் தொலைடி!”

அவன் சிரித்த நேரம் பார்த்து அமுக்கினாள். அடுத்தது எடுப்பதற்குள் அவன் வந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.