கிண்டாமல் விட்ட கிழங்கு

சித்திரை மழை ஒரு பாட்டம் அடித்து ஓய்ந்த பின்னேரம்தான் அந்த நாற்றம் வந்தது. அருமைநாயகி நனைந்த சேலையைத் திரும்பவும் கொடியில் விரித்துக்கொண்டிருந்தாள். மூக்கில் பட்டதும் கை அப்படியே நின்றுவிட்டது. எலி செத்தால் வருகிற நாற்றம் இல்லை அது. பெரிய உடம்பு ஒன்று அழுகுகிற நாற்றம். வேலிக்கு அப்பால், பொன்னம்பலத்தாரின் ஆளில்லாத வீட்டு வளவுக்குள் இருந்து வந்தது.

அந்த வளவுக்குள்தான் அவளுடைய புருஷன் பரமலிங்கம் ஓடினான். திங்கட்கிழமை விடியப்புறம் ஆமி புத்தூரைச் சுற்றிவளைத்தபோது, கட்டின சாரத்தோடு வேலியை விலக்கி வைத்திருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து போனான். கொஞ்ச நேரத்தில் துவக்குச் சூட்டுச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஆளைக் காணவில்லை. முகாமில் போய்க் கேட்டாள். பிடித்தவர்களில் அவன் இல்லை என்றார்கள். உடுப்பிட்டியில் மச்சாள் வீட்டிலும் இல்லை. அன்றிலிருந்து அருமைநாயகி ஒரு இடத்தில் குந்தவில்லை. வாசல் படலைக்கும் கிணற்றடிக்குமாக நடந்தாள், கூட்டின முற்றத்தையே திரும்பவும் கூட்டினாள்.

மாமியார் நல்லம்மா குசினியிலிருந்து வெளியே வந்தாள். மூக்கை ஒருதரம் உறிஞ்சினாள். திரும்பிப் போய், கொதித்துக்கொண்டிருந்த உலையை இறக்கி வைத்துவிட்டு, அடுப்பில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினாள். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது.

"என்ன மாமி செய்யிறியள்? ஆர் செத்தது இஞ்சை?"

"உனக்கு மூக்கில்லையோ பிள்ளை?" என்றாள் நல்லம்மா. சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டாள்.

அந்த ஊரில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் மூக்குகளுக்குப் பஞ்சம் இல்லை. அடுத்த வீட்டு முருகேசு வந்தார். அவருடைய பெண்சாதி சின்னாச்சி வந்தாள். இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். எல்லோரும் வேலியைப் பார்த்தார்கள், பிறகு அருமைநாயகியைப் பார்த்தார்கள், பிறகு நிலத்தைப் பார்த்தார்கள். சின்னாச்சி நல்லம்மாவுக்குப் பக்கத்தில் குந்தி, ஒப்பாரிக்குத் தோதாகக் கொண்டையை அவிழ்த்தாள். அதைக் கண்டதும் அருமைநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கொண்டையை முடியுங்கோ அக்கா. பாத்திட்டு அழலாம்."

"ஆர் போய்ப் பாக்கிறது?" என்றார் முருகேசு. "ஐப்பசியிலை ஆமி இருந்திட்டுப் போன வளவு. மிதிவெடி தாட்டிருப்பாங்கள். விடியட்டும் பிள்ளை, ஊர் விதானையாரோடை கதைப்பம்."

"இவர் ஓடேக்கை வெடிக்கேல்லைத்தானே?"

அவருடைய பதிலுக்கு அவள் நிற்கவில்லை. பொட்டுக்குள்ளால் புகுந்துவிட்டாள். நல்லம்மா பின்னால் நின்று கத்தியது கேட்டது.

பொன்னம்பலத்தார் குடும்பம் சண்டையோடு கொழும்புக்குப் போய் ஆறேழு மாதம். வளவு முழுக்கப் புல் இடுப்பளவு நின்றது. அவள் புல் இல்லாத இடமாகப் பார்த்துக் காலை வைத்தாள்.

"இஞ்சருங்கோ," என்று மெல்லக் கூப்பிட்டாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவனை அப்படித்தான் கூப்பிடுவாள். "இஞ்சருங்கோ, நான்தான்."

நாற்றம் மட்டும் கூடிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் பின்னால், கோடிப்பக்கம் திரும்பினாள். இலையான்கள் மொய்க்கிற சத்தம் கேட்டது. புல்லுக்கு நடுவில் கறுத்த சிவப்பாய் ஏதோ கிடந்தது. கண்ணை மூடித் திறந்து, குனிந்து பார்த்தாள்.

அது ஒரு பூ.

இலை இல்லை, தண்டு இல்லை. வெறும் மண்ணில் ஒரு சின்ன ஓலைக் கடகம் அளவுக்கு விரிந்து கிடந்தது. நடுவில் சுருக்கம் விழுந்த ஊதாக் கொண்டை ஒன்று. நாற்றம் அதிலிருந்துதான் குமட்டிக்கொண்டு வந்தது. உள்ளே கிண்ணம் போலிருந்த குழிக்குள் கறுத்த வண்டுகள் ஊர்ந்தன. செத்த உடம்பு என்று நம்பி வந்து விழுந்தவை போலும். வழுக்குகிற சுவரில் கொஞ்சத் தூரம் ஏறுவதும் சறுக்கி விழுவதுமாக இருந்தன. அப்போதுதான் அந்த இடம் என்னவென்று அவளுக்கு நினைவு வந்தது. பொன்னம்பலத்தாரின் மனைவி கரணைக் கிழங்கு நட்ட பாத்தி. வருஷா வருஷம் தைக்கு முன் கிண்டி, வேலிக்கு மேலால் ஒரு கிழங்கு தருவாள். இந்தத் தைக்குக் கிண்ட ஆள் இல்லை.

அருமைநாயகி சிரித்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன. திரும்பிப் பார்க்காமல், கால் வைத்த அதே தடத்தில் ஓடினாள்.

"மாமி! கரணை பூத்திருக்கு மாமி! வேறை ஒண்டுமில்லை!"

"கரணை பூக்கிறதோ?" என்றார் முருகேசு. "எத்தினை வருசம் திண்டிருக்கிறன், பூவைக் கண்டதில்லை."

"ஆர் உங்கடை வீட்டிலை கிழங்கைப் பூக்க விட்டது?" என்றாள் நல்லம்மா. அவளுக்குக் குரல் திரும்பியிருந்தது. எழும்பிப் போய் ஈரச் சாம்பலை வழித்தெறிந்து அடுப்பை மூட்டினாள். சின்னாச்சி வெட்கத்தோடு கொண்டையை முடிந்துகொண்டாள். அன்றைக்குத்தான் நல்லம்மா வாய்க்கு ருசியாக ஒரு பிடி சோறு தின்றாள். அருமைநாயகி சந்தோஷமாக இருந்தாள், வெட்கமில்லாத சந்தோஷம். அவன் எங்கேயோ பதுங்கி இருக்கிறான், அவ்வளவுதான்.

அடுத்த நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அளவெட்டியில் அவனுடைய கூட்டாளி வீட்டுக்குப் போனாள். அங்கேயும் வரவில்லை. திரும்பி வர வெயில் சாய்ந்துவிட்டது. நாற்றம் நேற்றையைவிட மோசம்.

"உந்தச் சனியன் பூவை வெட்டித் தாட்டுப்போட்டு வா பிள்ளை," என்றாள் நல்லம்மா. "நான் அரிசி களையிறன். உந்த மணத்துக்குள்ளை சோறு இறங்காது."

அவள் கத்தியோடு போனாள். இந்த முறை பயமில்லை. தடமும் தெரியும். பூ ஒரு நாளைக்குள் தளர்ந்து போயிருந்தது. வழுவழுத்த சுவர் வாடிச் சுருங்கியிருந்தது. வண்டுகள் சறுக்காமல் ஏறின. எல்லாவற்றின் முதுகிலும் மஞ்சள் மா. ஒவ்வொன்றாய் விளிம்புக்கு வந்து, செட்டையை விரித்துப் பறந்தன. போங்கோ, போய்ச் சேருங்கோ என்று அவளுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

வெட்டுவதற்குக் குனிந்தவள் நின்றாள்.

இன்னும் குனிந்தாள். முகத்தைப் பூவுக்குள்ளேயே வைத்து மூச்சை இழுத்தாள். பச்சைக் கிழங்கின் வாசம். வேறு ஒன்றுமில்லை.

நிமிர்ந்தாள். காற்று அந்த வளவுக் கிணற்றடிப் பக்கமிருந்து நாற்றத்தைக் கொண்டுவந்தது. வாழைகளுக்குப் பின்னால் காகங்கள் இருந்தன. நேற்று அந்தப் பக்கம் அவள் போகவில்லை. பூவைக் கண்டதோடு திரும்பிவிட்டாள். பார்க்காமல் வந்துவிட்டேனே, பார்க்காமல் சிரித்துக்கொண்டு வந்துவிட்டேனே என்று அவளுடைய நெஞ்சு அடித்துக்கொண்டது.

"இஞ்சருங்கோ," என்றாள்.

வேலிக்கு அப்பாலிருந்து நல்லம்மா கூப்பிட்டாள். "என்ன பிள்ளை, பூதானே நாறுது? நான் அடுப்பை மூட்டட்டோ?"

அருமைநாயகி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். பிறகு எடுத்தாள்.

"ஓம் மாமி, பூதான். மூட்டுங்கோ. நீங்கள் சாப்பிடுங்கோ."

கிடுகு வேலிக்கு மேலால் புகை எழும்பும் வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள். பிறகு கத்தியைக் கீழே போட்டுவிட்டு, கிணற்றடிக்கு நடந்தாள்.