இறக்கத்தில் அடங்கிய எஞ்சின்

பதினெட்டு வயசு வண்டி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுக்குதுன்னா, அதுல பாதி என் வேலைதான். அவர் ஒத்துக்கிட்டா என்ன, ஒத்துக்காட்டி என்ன.

இப்படி நினைத்துக்கொண்டுதான் அவள் டிரெய்லர் லாரியில், க்ளீனரின் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். பத்து வருடமாகக் கூட வந்த க்ளீனர் போன வாரம் காரணம் எதுவும் சொல்லாமல் நின்றுவிட்டார். வேறு ஆள் கிடைக்கும்வரை நான் வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். கணவனோடு மலைப்பாதையில் வருவது இதுதான் முதல் முறை.

முன்பெல்லாம் மைலேஜ் மூன்றிலேயே கிடந்தது. ஒவ்வொரு டயருக்கும் காற்றுப் பார்க்கச் சொன்னதும், தார்ப்பாய் படபடக்காமல் இழுத்துக் கட்டவைத்ததும், அறுபதைத் தாண்டாதீர்கள் என்று நச்சரித்ததும் அவள்தான். மூன்றரை வந்தது. அவளுக்குப் போதவில்லை. ஒருநாள் சாப்பாட்டின் நடுவே, "உங்க தம்பி வண்டி நாலு கொடுக்குதாம். உங்களுக்கு ஓட்டத் தெரியலையா, வண்டிக்கு ஓடத் தெரியலையா?" என்று சீண்டினாள். அடுத்த மாதமே நாலு வந்தது. பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனாள்.

இப்போது, மலையின் உச்சி வளைவு தாண்டியதும் அவன் கியரை விடுவித்தான். பிறகு ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த குமிழைப் பிடித்து இழுத்தான். எஞ்சின் ஒருமுறை குலுங்கி அடங்கியது.

காது அடைத்துக்கொண்டதென்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு, தாரில் டயர்கள் உருளும் ஓசை மட்டும் தனியாகக் கேட்டது.

"என்னங்க, வண்டி நின்னுபோச்சா?"

"நிக்கலடி, நான்தான் ஆஃப் பண்ணேன்." சிரித்தான். "நாலு எங்கேருந்து வருதுன்னு நினைச்ச? உன் தார்ப்பாய்லேருந்தா? பதினோரு கிலோமீட்டர், ஒரு சொட்டு டீசல் கிடையாது!"

பின்னால் இருபத்தைந்து டன் இரும்பு. ஒவ்வொரு வளைவிலும் அவன் இரண்டு கையாலும், தோளாலும், எஞ்சின் அடங்கியதால் இறுகிப்போன ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டினான். ஒவ்வொரு மிதிக்கும் பிரேக் சீறியது, காற்றழுத்த முள் ஒரு நூல் இறங்கியது. எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்கான அந்தக் காற்று மறுபடி நிரம்பும். கல்யாணமான புதிதில் பெருமையாக அவளுக்கு அதை விளக்கியவனே அவன்தான். கத்தினால் அவன் கவனம் சிதறும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். க்ளீனர் ஏன் நின்றார் என்பது அப்போது புரிந்தது. அவன் போனில் 'நாலு' என்று சொன்னபோதெல்லாம் அவள் சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்புக்காக அவன் ஒவ்வொரு முறையும் இப்படி இறங்கியிருக்கிறான். இல்லாத பிரேக்கை அவள் கால் மிதித்துக்கொண்டே இருந்தது.

அந்த இறக்கத்தின் கடைசியில் கியரைப் போட்டு எஞ்சினை எழுப்பினான். சரிவு முடியுமிடத்தில் ஓரமாக நிறுத்தினான். அவள் இறங்கி, க்ளீனர் செய்வதுபோல முன்சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் செருகினாள். ஒரு சாண் தூரத்திலேயே சக்கரம் கொதித்தது. கருகிய வாடை.

அரைமணி கழித்து அவன் தலையை நீட்டினான். "ஆறிடுச்சு. கட்டைய எடு, கிளம்பலாம். இன்னும் ஒரே ஒரு இறக்கந்தான்."

அவள் அசையவில்லை.

"நீ கேட்ட நாலுதானேடி இது?"

"ஆமா," என்றாள். "நான்தான் கேட்டேன்."

"அப்புறம் என்ன? எடு."

"எடுக்க மாட்டேங்க."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு அந்தக் கட்டையின் மேலேயே உட்கார்ந்தாள். மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இன்னும் முழுதாக ஆறாத சக்கரத்தின் அனல் அவள் முதுகில் பட்டுக்கொண்டே இருந்தது.