கொட்டின மருந்து

இறந்தவரைச் சுற்றிய கஃபன் துணியை முகத்தின் மேல் இழுத்து முடிச்சுப் போடப்போன தவ்ஃபீக் மாமு கையை நிறுத்திக்கொண்டார்.

"ஒவைஸு, அம்மாவைக் கூப்புடு. தூக்கறதுக்கு முன்னால அவங்க வாயால மன்னிச்சிட்டேன்னு சொல்லணும்."

சந்து முழுக்கச் செருப்பு. தெருமுனையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. இங்கே ஒரு மனுசன் போய்ச் சேர்ந்தது லாரிக்காரனுக்கு எங்கே தெரியும்.

காத்தூன் பீவி வந்து புருஷன் சௌக்கத் அலியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"அடிச்சது, பேசுனது, பசியில போட்டது, எல்லாத்தையும் மன்னிச்சிட்டேன். ஆஸ்பத்திரி மருந்தக் கீழ கொட்டுனாரு பாரு, அத்த மன்னிக்க மட்டும் மனசு வர மாட்டேங்குது."

மகன் ஒவைஸ் அத்தாவின் கால்மாட்டில் துணியோரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்தான்.

போன ரமலானில்தான் அத்தாவுக்குப் பெருங்குடலில் கட்டி என்றார்கள். உருண்டு துருத்திக்கொண்டிருக்கவில்லை, குடல் சுவரோடு சப்பையாகப் படர்ந்திருந்தது. டாக்டரம்மா படத்தைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னார்.

"சப்பைக் கட்டியிலயும் ரகம் இருக்குங்க. சிலது கொஞ்சநாள் பொறுக்கும். இதுக்கு நடுவுல குழி விழுந்திருக்கு, பொறுக்காது. வயித்தக் கிழிக்க வேணாம். குழாய் விட்டு, கட்டிக்கு அடியில மருந்து ஏத்தித் தூக்கி, சீவி எடுத்துடலாம். ஆனா குடல் சுத்தமா இருக்கணும். முந்தின நாள் பூரா தண்ணி ஐட்டம் மட்டுந்தான்."

அந்த முந்தின நாள் சாயந்திரம் அம்மா பக்கத்து வீட்டுக்குச் சம்சா கொடுக்கப் போயிருந்தாள். ஒவைஸ் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கி வந்தான். பேதி மருந்து குடித்துச் சுருண்டு கிடந்த அத்தா அந்த வாசனைக்குத் தலையைத் தூக்கினார். கஞ்சியும் தண்ணிதானே என்று ஒரு கிண்ணம் கொடுத்தான், பாவி. பருப்பும் கொத்துக்கறியும் குழைந்த கஞ்சி.

மறுநாள் குழாய் விட்டால் உள்ளே ஒரே கலங்கல். கட்டியின் ஓரமே தெரியவில்லை. பாதியில் நிறுத்தி, ரெண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அத்தா மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மருந்தப் பாதி கொட்டிட்டேன்" என்று பழியைத் தானே வாங்கிக்கொண்டார். அம்மா திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. ரோஷக்கார மனுசன், ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் பெருநாள் முடியட்டும் என்றார், அப்புறம் மழை முடியட்டும் என்றார். ரத்தம் போக ஆரம்பித்துத் திரும்பப் போனபோது அது ஈரல் வரைக்கும் பரவியிருந்தது.

"சொல்லிடுக்கா, நேரமாவுது" என்றார் மாமு.

"அத்தா கொட்டலம்மா." ஒவைஸ் தரையைப் பார்த்துச் சொன்னான். "நாந்தான் கஞ்சி குடுத்தேன். தண்ணிதானேன்னு நெனச்சேன். எனுக்காக அவுரு பொய் சொன்னாரு."

காத்தூன் பீவி அந்த மூடிய கண்கள் பக்கம் திரும்பினாள்.

"சாவற வரைக்கும் திட்டிகினே கெடந்தேனே. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லலியே நீங்க." குனிந்து அவர் காதருகே, "நீங்க என்னை மன்னிச்சுடுங்க" என்றாள்.

மாமு முடிச்சைக் கட்டினார். ஒவைஸ் அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றான். அவள் பார்க்கவில்லை.

"இன்னா நின்னுகினு கீற? போய்த் தூக்கு" என்றாள்.

சந்தூக்குப் பெட்டியின் முன்கால் அவன் தோளில் ஏறியது. அடக்கம் செய்யும் கபருஸ்தான் வரைக்கும் ஒவ்வொருவராக வந்து தோள் மாற்றக் கேட்டார்கள். அவன் கொடுக்கவில்லை.