எலும்புக்கு ஒன்றுமில்லை

பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தால் எலும்போடு சேர்ந்து இறந்துபோன பிள்ளைகளும் படத்தில் விழுவார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனாலேயே கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துவிட மாட்டார்கள். எலும்பை அழுத்தினால் வலிக்க வேண்டும், இல்லையென்றால் நாலு அடி நடக்க முடியாமல் இருக்க வேண்டும்.

வேதவல்லிக்குப் படி இறங்கும்போது கணுக்கால் பிசகியது. பாதம் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை. உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவள் இரட்டைப் பிள்ளை பெற்றவள். அப்படிப் பெற்றவள் உருவிவிட்டால் சுளுக்கு ஓடிவிடும் என்று தெருவே அவள் வாசலில் காலை நீட்டிக்கொண்டு கிடந்த காலம் உண்டு. போன ஆடியில் சின்னவன் சிங்காரவேலு காய்ச்சலில் போய்விட்டான். காரியம் முடிந்த பிறகு ஒரு கால்கூட வரவில்லை.

"இப்ப ஒத்தப் புள்ளதானக்கா," என்றாள் எதிர்வீட்டுக்காரி. கிலோ என்ன விலை என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். அவளெல்லாம் நன்றாக இருக்கிறாள்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் முக்காலியில் உட்கார்ந்து வேதவல்லியின் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் அழுத்தினார்.

"இங்க வலிக்குதாம்மா?"

அவள் வாயைத் திறப்பதற்குள், பெஞ்சில் இருந்த பெரியவன் ஞானவேல் "ஆ" என்றான்.

"வலி பையனுக்குப் போயிருக்கு. அது கணக்குல வராது," என்றார் டாக்டர். சுண்டுவிரல் பக்கத்து எலும்பை அழுத்தினார். ஞானவேலுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் பெஞ்சு முனகியது. "இதுவும் உங்களுது இல்ல. எழுந்து நடங்க, பாப்போம்."

விழுந்துவிட்டால் போதும், படம் எடுத்தாக வேண்டும். விழுவது என்று தீர்மானித்துத்தான் வேதவல்லி எழுந்தாள்.

நடைக்கூடம் ரயில் நிலையம் அளவுக்கு நீண்டது. ஆனாலும் அது நாலே அடி தூரம்தான். அதன் கோடியில் சிங்காரவேலு கோடுபோட்ட சட்டையோடு நின்றிருந்தான். நடை பழக்கியபோது அவள் நீட்டிய மாதிரியே இரண்டு கையையும் நீட்டியிருந்தான்.

"வாம்மா," என்றான். "விழுந்துடாத."

விழ வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோனது. உயிர் போகிற வலி. இப்போது அது முழுக்க அவளுடையதாக இருந்தது. நாலாவது அடியில் எட்டி அவன் கையைப் பிடித்தாள். அது டாக்டரின் கை.

"நடந்துட்டீங்க. எலும்புக்கு ஒண்ணுமில்ல," என்றார். "படம் வேண்டாம். ஐஸ் வைங்க, காலை உசரமா வெச்சுப் படுங்க."

"ஒரே ஒரு படம் சார். வீட்ல இருக்கற போட்டோ எதுலயும் ரெண்டு பேர்ல அவன் யாருன்னு எனக்கே தெரிய மாட்டேங்குது."

"நடந்துட்டீங்களேம்மா," என்றார் அவர். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

பிறகு கதவைச் சாத்திவிட்டு ஷூவைக் கழற்றினார். "எனக்கும் ரொம்ப நாளா ஒரு சுளுக்கு. இரட்டைப் பிள்ளை பெத்தவங்க உருவணும்னு சொல்றாங்க. உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ரெண்டு," என்றாள் வேதவல்லி.

டாக்டர் காலை நீட்டினார். அவள் தரையில் உட்கார்ந்து, அவர் பாதத்தை மடியில் வைத்து, தலையிலிருந்த எண்ணெயைத் தொட்டு மெதுவாக உருவினாள்.

"விட்டுச்சா சார்?"

அவர் காலை அசைத்துப் பார்த்தார்.

"ஒரு பக்கம் விட்டிருச்சு," என்றார். "இன்னொரு பக்கம் அப்படியே இருக்கும்மா."

வேதவல்லி தலையாட்டினாள். அந்தப் பக்கத்தையே உருவிக்கொண்டிருந்தாள். ஞானவேல் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, இடம் விட்டு உட்கார்ந்தான்.