கவிஞர் இல்லாத மூன்று பக்கம்

அகிமின் அகதி வழக்கை நான்தான் பிரெஞ்சில் எழுதினேன். பகலில் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் மடுத்தீன் அண்ணையின் மொழிபெயர்ப்புக் கடையில் வேலை. மாலையில் பிரெஞ்சு வகுப்பு. அங்கே எனக்குப் பக்கத்து மேசை அகிம். அல்பேனியாவில் ஆசிரியராக இருந்தவர், கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அருகில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதும், மேன்முறையீட்டை எழுதித் தரும்படி கேட்டார்.

நான்கு மாலைகள் சொன்னார். பெரும்பாலும் ஒரு கவிஞரைப் பற்றி. துருக்கிச் சுல்தானின் ஆட்சியில் அவர்கள் மொழிக்குச் சட்டம் போட்டுத் தடை. கவிஞர் வெளிநாட்டில் அச்சடித்த நூல்கள் மாச்சாக்குகளுக்குள் ஒளிந்து மலையேறின. வாசிக்கத் தெரியாத இடையர்கள் கேட்டே மனப்பாடம் செய்தார்கள். பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் தேவாலயத்துக்குப் போகிறவர்களும் ஒரே சனம் என்று அகிமின் ஊருக்குச் சொன்னவை அந்த வரிகள்தான்.

பிறகு பள்ளிக்கூடமாகிவிட்ட அந்தக் கவிஞரின் வீட்டில்தான் அகிம் படிப்பித்தார். அதை இடித்து ஹோட்டல் கட்ட வந்த பெரும்புள்ளியை மறித்தார். அடித்தார்கள், பிறகு சுட்டார்கள். தப்பி வந்தார்.

ஒன்பது பக்கம் எழுதினேன். மடுத்தீன் அண்ணை புரட்டிப் பார்த்தார்.

"இதென்ன பிள்ளை, கலைவிழா மலரோ? நீதிபதிக்குக் கவிதை வேண்டாம், திகதி வேணும். மூண்டு பக்கத்துக்குள்ளை அடக்கு."

"அண்ணை, அவர் அதுக்காகத்தானே அடி வாங்கினவர்..."

"எங்கடை சனத்துக்கு இருபது வருசமா நான் இப்பிடித்தான் எழுதுறன். நீ நேத்து வந்தனி."

என் எழுத்தில் எனக்கு என்றுமே நம்பிக்கை இருந்ததில்லை. கவிஞரை வெட்டினேன். வீடு 'ஒரு காணி' ஆயிற்று. திகதிகளை மூன்று தடவை சரிபார்த்தேன். அகிம் வாசிக்காமலே கையெழுத்திட்டார்.

விசாரணைக்கு அழைக்கவே இல்லை. நேற்று வகுப்பில் கடிதத்தை நீட்டினார். வாசித்துச் சொன்னேன்: சாதாரணக் காணித் தகராறு, நிராகரிக்கப்படுகிறது.

"கவிஞரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள்?"

"ஒன்றுமில்லை."

"அவர்களுக்கு அவரைத் தெரியாது, பாவம்" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "நான் அவரை எழுதவே இல்லை, அகிம். வெட்டிவிட்டேன்."

ஆசிரியை பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். அகிம் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"சுல்தானுக்கு அதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது" என்றார்.

குளிர்ச்சட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். ஒன்பது பக்கங்களும் என் பையில்தான் இருந்தன. அவற்றை அவர் கேட்கவில்லை.