இரண்டு பெட்டிகளும் அணைந்திருந்தன

அங்காராவில் அந்தப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நெவினுக்கு அது எட்டாவது வருடம். செஸின் வந்து பதினான்கு மாதம்தான். ஆனால் தேநீர் நேரத்தில் பேராசிரியர் முனிரே சிமித் ரொட்டியைப் பிய்த்து முதல் துண்டை நீட்டுவது இப்போது செஸினிடம்.

மனிதத் தோல் செல்களை ஒரே மாதிரியான இரண்டு பெட்டிகளில் வைப்பார்கள். ஒன்றில் கைப்பேசி அலை பாயும். மற்றது சும்மா இருக்கும். எந்தத் தட்டு எதில் இருந்தது என்பது பெட்டிகளை இயக்கும் நெவினின் ஏட்டில் மட்டுமே இருக்கும். செஸின் அது தெரியாமல் நுண்ணோக்கியில் பார்த்து, டி.என்.ஏ. உடைந்து வால் நீண்ட செல்களை எண்ண வேண்டும். அவள் எண்ணியபோதெல்லாம் அலை பட்ட தட்டில் வால்கள் சற்றுக் கூடுதலாக இருந்தன. முன்பு நெவின் எண்ணிய காலத்தில் அப்படி எதுவும் தென்பட்டதில்லை.

"அது கண்ணு இல்ல, தராசு" என்ற பேராசிரியர், பிராக் மாநாட்டுக்கு செஸின் பெயரையே அனுப்பினார்.

நெவினுக்குப் பொறுக்கவில்லை. எட்டு வருடமாகத் தன் கண்ணில் படாதது இவள் கண்ணில் மட்டும் எப்படிப் படும்? ஏட்டைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிறாள் என்று முடிவு கட்டினாள். பிப்ரவரியில் மூன்று முறை இரண்டு பெட்டிகளையும் அணைத்தே வைத்து, ஏட்டில் மட்டும் வழக்கம்போல் 'அலை' என்று எழுதினாள். இனி செஸின் வித்தியாசம் காட்டினால் குட்டு உடைந்துவிடும்.

ஏட்டைப் பிரித்து ஒப்பிட்ட அன்று வித்தியாசமே இல்லை. செஸின் ஏட்டைப் பார்க்கவே இல்லை என்று நெவினுக்கு மட்டும் புரிந்தது. செஸின் வெளுத்த முகத்தோடு பேராசிரியரிடம் திரும்பினாள்.

"ஹோஜா, பிராக்குக்கு அனுப்பினத திரும்ப வாங்கிடலாம். முன்னாடி நான் எண்ணினதுலதான் ஏதோ தப்பு."

"மூணு தடவ வரலன்னா உடனே தப்பா?" என்றார் பேராசிரியர்.

"இல்லாதத இருக்குன்னு மேடையில நின்னு எப்படிப் பேசுவேன்?"

வெளியே வந்ததும் நெவினின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க இத்தன வருஷம் பாத்தவங்க. எங்க கோட்டை விட்டேன்னு சொல்லுங்களேன்."

அவளைத் தோற்கடித்த சந்தோஷம் அந்த நொடியே கசந்தது. தானாக இருந்தால் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்திருக்க மாட்டோம் என்று நெவினுக்குத் தெரிந்தது. அவளுடைய நேர்மைமேல் வந்த இந்தப் பொறாமை பழையதைவிட அதிகமாகச் சுட்டது.

மறுநாள் காலை இருவர் முன்னாலும் சொன்னாள். "பெட்டி ரெண்டும் அணைஞ்சுதான் இருந்துச்சு. நான்தான் அணைச்சு வச்சேன். நீ ஏட்டப் பாத்து எழுதுறேன்னு நெனச்சேன்."

செஸின் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "நேரா கேட்டிருந்தா நாலு திட்டு திட்டிட்டு டீ வாங்கிக் குடுத்திருப்பேன்."

பேராசிரியர் ஏட்டையும் பெட்டிகளையும் நெவினிடமிருந்து எடுத்துக்கொண்டார். செல் வளர்க்கும் வேலை மட்டும் அவளுக்கு மிஞ்சியது. கட்டுரையில் அந்த மூன்று முறையும் 'இரண்டு பெட்டிகளும் அணைந்த நிலையில்' என்று பதிவாயின. நெவின் பெயர் இல்லை. செஸின் பிராக் போய்வந்தாள். அதற்குப் பிறகு அவள் 'அக்கா' என்று கூப்பிடவில்லை. 'நெவின் ஹானிம்' என்று யாரையோ கூப்பிடுவதுபோல மரியாதையாகக் கூப்பிட்டாள்.

இலையுதிர் காலத்தில் வேறொரு ஆய்வுக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது: அதே சோதனையைச் செய்தோம், எந்த வித்தியாசமும் இல்லை.

"அவங்க பெட்டிக்குள்ள சூடு எவ்வளவுன்னு கேக்கணும். நம்ம பெட்டிதான் சூடாச்சோ என்னவோ" என்று செஸின் கடிதத்தை நீட்டினாள். "நீங்களும் படிங்க, நெவின் ஹானிம்."

நெவின் வாங்கிப் படித்தாள். உள்ளுக்குள் பொங்கிய மகிழ்ச்சி முகத்தில் தெரிந்துவிடக் கூடாதென்று, படித்து முடித்த பிறகும் தலை நிமிராமல் இருந்தாள்.